எண்பத்தேழு நாள்

பாஸ் இருக்கிறது என்று நான் சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அந்தப் புதுக் கண்டக்டர் அதை இரண்டு முறை படித்தார். என்னை மூன்று முறை பார்த்தார். அட்டையில் முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் என்று இருக்கிறது, ஆளைப் பார்த்தால் அப்படி இல்லையே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். அவர் மேல் தப்பில்லை. எனக்கே ஐந்து வருஷமும் அப்படித்தான் தோன்றியது.

என் பெயர் மாசிலாமணி. ஊர் வேலாம்புதூர். அதோ, பெண்கள் பக்கம் இரண்டாவது சீட்டில் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாளே, அவள் என் மனைவி குஞ்சம்மாள். நான் யாரிடமாவது பேசினால் அவளுக்குக் கவலை வந்துவிடும். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

சட்டசபையில் என்ன பேசினீர்கள் என்றுதானே கேட்டீர்கள்? ஐம்பத்திரண்டு முதல் ஐம்பத்தேழு வரை நான் சபைக்குப் போன நாள் முந்நூற்றுப் பதினொன்று. பேசிய நாள் ஒன்று. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எங்கள் ஊரில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தப்பாகப் பேசுகிறார்கள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. தொழில் நெல் அளப்பது. களத்தில் நெல்லைக் குவித்ததும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மற்ற அளவுக்காரர்கள் முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். லாபம், இரண்டு, மூன்று என்று போகும். நான் மட்டும் 'ஒன்று' என்றுதான் ஆரம்பிப்பேன். லாபம் என்பது ஓர் எண் இல்லையே. இதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு. ஆனால் இருவருக்குள் தகராறு என்றால் இரண்டு பேரும் என்னைத்தான் தேடி வருவார்கள்.

முதல் தேர்தல் வந்தபோது எங்கள் தொகுதியில் இரண்டு மிராசுதார்கள் எதிரெதிராக நின்றார்கள். இவருக்குப் போட்டால் அவர் தண்ணீரை அடைப்பார், அவருக்குப் போட்டால் இவர் வண்டிப் பாதையை அடைப்பார். ஊர் வரி வசூலிக்கிற எங்கள் பட்டாமணியார் நல்லமுத்து, மனுத் தாக்கல் செய்யும் நாளன்று களத்துக்கு வந்து என்னிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்.

"மாசிலாமணி, இதுல ஒரு கையெழுத்துப் போடு."

"என்னங்க இது?"

"போடுய்யா. அறுபத்தெட்டாவது மரக்கால்ல நிக்கிற, மறந்துடப் போற."

அளவு நடுவில் இருந்ததால் படிக்காமல் போட்டுவிட்டேன். என் வாழ்க்கையில் படிக்காமல் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான்.

பிரசாரத்துக்கு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் பேசவில்லை. மிராசுதார்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டியே தொண்டை கட்டிப்போனார்கள். பேசாதவன் ஒருவன்தான் மிச்சம் என்று ஜனங்கள் எனக்குப் போட்டுவிட்டார்கள். அப்போது இந்த முத்திரை குத்துவதெல்லாம் கிடையாது. ஆளுக்கு ஒரு பெட்டி, மேலே சின்னம். எனக்கு ஏணி. சீட்டைப் பிடித்தமான பெட்டியில் போட்டுவிட்டுப் போகலாம். எண்ணும்போது என் பெட்டிகளில் சீட்டோடு சேர்ந்து பூ இருந்தது, குங்குமம் இருந்தது, மழை வேண்டும் என்று ஒரு மனு இருந்தது. ஒன்பது சீட்டு கிழிந்திருந்தது. எதிராளிகளின் ஆட்கள் அதைக் கவனிக்கவில்லை. நான்தான் அதிகாரியிடம் சொன்னேன், "ஐயா, இந்த ஒன்பதும் செல்லாதுங்க." பட்டாமணியார் என் காலை மிதித்தார். இருநூற்று இருபத்தொரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருக்க வேண்டியவன் இருநூற்றுப் பன்னிரண்டில் ஜெயித்தேன். அன்றைக்கே ஊருக்கு என்னைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொள்ளவில்லை. அது என் தப்பா?

ஊர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. உப்போடைக்கு ஒரு பாலம்.

உப்போடை எங்கள் ஊருக்கும் கருக்கமங்கலத்துக்கும் நடுவில் ஓடுகிறது. கோடையில் ஆடு படுத்திருக்கும். ஐப்பசியில் பெரிய ஏரி நிரம்பிக் கலிங்கு வழிய ஆரம்பித்தால் தை பிறக்கிற வரை தண்ணீர் இறங்காது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சந்தை எல்லாம் அந்தக் கரையில். குஞ்சம்மாள் பிறந்த வீடும் அந்தக் கரையில்தான்.

பாலம் கேட்பதற்கு ஒரு விதி இருந்தது. வருஷத்தில் தொண்ணூறு நாளாவது போக்குவரத்து நின்றால்தான் பாலம், குறைந்தால் கிடையாது. எங்கள் பகுதிக்குக் கோதண்டம் என்று ஓர் ஓவர்சீயர் இருந்தார், நல்ல மனுஷர். ஊரில் நான்கு நாள் தங்கி அளந்தார். ஊர்க்காரர்கள் வேளைக்கு ஒரு கோழி அடித்தார்கள். பதினொரு கோழி. பன்னிரண்டாவது வேளை அவருக்கு வயிறு சரியில்லை. போகும்போது, "எம்.எல்.ஏ. ஐயா, தொண்ணூற்றிரண்டு நாள்னு எழுதியிருக்கேன். நீங்க சபையில கேள்வி மட்டும் போடுங்க, மத்தது தானா நடக்கும்" என்றார்.

தொண்ணூற்றிரண்டு அவருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கோடையில் வந்தவர் அவர். நான் அந்த வருஷம் ஓடையில் ஒரு கல்லில் முழங்கால் உயரத்துக்குக் கோடு போட்டு, தண்ணீர் அதற்கு மேல் போன நாளையெல்லாம் எண்ணியிருந்தேன். எண்பத்தேழு. சபை நடக்கிற நாட்களில் எனக்காக எண்ணியது குஞ்சம்மாள். அவள் கணக்கையும் நான் வந்து சரிபார்த்தேன்.

கேள்வி கேட்பது பெரிய வேலை இல்லை. கேள்வியை எழுதிக் கொடுத்தால் அச்சடித்து எண் போட்டுவிடுவார்கள். சபாநாயகர் பெயரைக் கூப்பிடுவார். எழுந்து 'கேள்வி எண் நூற்று எழுபத்து மூன்று' என்று சொல்ல வேண்டும். மந்திரி பதில் சொல்வார். 'நன்றி' என்று உட்கார வேண்டும். அவ்வளவுதான். ஆனால் எனக்கு நாலு பேர் பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். ஒன்பது நாள் வீட்டிலேயே பழகினேன். குஞ்சம்மாள்தான் சபாநாயகர். கவிழ்த்த அண்டா மேல் உட்கார்ந்துகொள்வாள். அதில் ஒரு சிக்கல். அந்தக் காலத்தில் புருஷன் பெயரைப் பெண்கள் சொல்ல மாட்டார்கள்.

"பேரைக் கூப்பிடு, அப்பத்தான் எழுந்திருப்பேன்" என்பேன்.

"ஐயய்யோ, நான் மாட்டேன். ஏங்க, எந்திரிங்க."

"சபாநாயகர் 'ஏங்க'ன்னு கூப்பிடுவாரா?"

"அவருக்கு என்ன, அவரு சொல்லிட்டுப் போவாரு. எனக்கு நீங்க நல்லா இருக்கணும்ல?"

கடைசி வரை 'ஏங்க'தான். அதன் பலன் என்ன ஆயிற்று தெரியுமா? சபையில் என் பெயரை இரண்டு முறை கூப்பிட்டும் நான் எழவில்லை. பக்கத்து அங்கத்தினர் "ஏங்க, உங்களைத்தான்" என்று தொடையில் தட்டினார். உடனே எழுந்துவிட்டேன்.

எண்ணைச் சரியாகச் சொன்னேன். மேலே பார்வையாளர் மாடத்தில் பட்டாமணியாரும் ஊர்க்காரர் இருவரும் இருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து பட்டணம் பார்த்தவர்கள் அதுவரை நான்கு பேர்தான், அன்றோடு ஏழு. மந்திரி காகிதத்தைப் பார்த்துப் படித்தார். அவர் யார் என்று சொல்ல மாட்டேன், அவரும் நல்ல மனுஷர்தான். உப்போடையில் வருஷத்துக்குத் தொண்ணூற்றிரண்டு நாட்கள் போக்குவரத்து தடைப்படுவதாகச் சர்க்கார் அறிகிறது, ஆகவே பாலம் கட்ட உத்தேசித்திருக்கிறது என்றார். எங்கள் பக்கத்து பெஞ்சுக்காரர்கள் மேஜையைத் தட்டினார்கள். மாடத்தில் பட்டாமணியார் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில்தான்.

நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தவன் மறுபடியும் எழுந்தேன். எப்படி எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. களத்தில் பக்கத்து ஆள் மரக்காலைத் தப்பாகச் சொன்னால் கை தானாக நின்றுவிடும். அது மாதிரிதான்.

"எண்பத்தேழுங்க" என்றேன்.

"அங்கத்தினர் என்ன சொல்கிறார்?" என்று கேட்டார் சபாநாயகர்.

"எண்பத்தேழு நாள். தொண்ணூற்றிரண்டு இல்லை. நான் எண்ணினேன்."

சபை கொல்லென்று சிரித்தது. மந்திரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"கனம் அங்கத்தினர் தமது தொகுதிக்குப் பாலம் வேண்டாம் என்கிறாரா?"

"பாலம் வேணுங்க. எண்பத்தேழு நாள்."

"எண்பத்தேழு என்றால் விதி இடம் கொடுக்காதே."

"ஆமாங்க" என்றேன். விதி எனக்குத் தெரியும், அதனால் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல? நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நாக்கு ஒட்டவே இல்லை. அப்படி ஒரு தெம்பு எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மாடத்தைப் பார்த்தேன். மூன்று நாற்காலியும் காலியாக இருந்தன.

ரயிலில் அவர்கள் என்னோடு உட்காரவில்லை. பட்டாமணியார் மட்டும் ஒரு ஸ்டேஷனில் இறங்கி என் ஜன்னலுக்கு வந்து, "ஏன்யா, உன்னை யாராவது கேட்டாங்களா?" என்றார்.

"யாரும் கேட்கலைங்க. நானாத்தான் சொன்னேன்" என்றேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் குஞ்சம்மாள் கோபப்படவில்லை. சோறு போட்டாள். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்து, "அந்த ஆறு அரை நாளை எங்க போட்டீங்க?" என்று கேட்டாள்.

அது ஒரு சின்ன விஷயம். அந்த வருஷம் ஆறு நாள், தண்ணீர் காலையில் கோட்டுக்கு மேலே இருந்து மத்தியானம் கீழே இறங்கியது. அதை நான் சேர்க்கவில்லை.

"ஆறு அரை மூணு. எண்பத்தேழும் மூணும் எவ்வளவுங்க?"

நியாயமான கணக்கு என்பதை அப்போதும் மறுக்கவில்லை, இப்போதும் மறுக்கவில்லை. ஆனால் விதியில் 'நாள்' என்று இருக்கிறது. அரை நாள் என்று இல்லை.

"அப்ப அதை மந்திரிக்கு ஒரு கடுதாசியா எழுதிப் போடுங்களேன்" என்றாள்.

எழுதியிருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். அப்போதுதான் சபையில் ஒரு முறை பேசியிருக்கிறேன். உடனே கடிதமும் எழுதினால் அதிகப்பிரசங்கி என்று நினைக்க மாட்டார்களா? கூச்சத்தினால் இல்லை. முறை என்று ஒன்று இருக்கிறது.

அடுத்த வருஷம் நல்ல மழை. கார்த்திகையில் அவளுடைய அப்பா அக்கரையில் காலமானார். சேதி கத்திச் சொல்லித்தான் வந்தது. அங்கே ஒருவர் கரையில் நின்று கத்தினார், இங்கே நாங்கள் கேட்டோம். தண்ணீர் மார்பளவு, இழுப்பு வேறு. குஞ்சம்மாள் இந்தக் கரையிலேயே நின்றாள். சாயங்காலம் புகை தெரிந்தது. அவள் அழவில்லை, என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். அது அந்த வருஷக் கணக்கில் நாற்பத்தொன்றாவது நாள்.

அதையும் எண்ணினீர்களா என்று கேட்கிறீர்கள். எண்ணாமல் எப்படி?

அதற்கு அடுத்த வருஷம் ஓர் ஆச்சரியம் நடந்தது. மழை சுமார்தான், மார்கழிக் கடைசியிலேயே வடிந்திருக்க வேண்டும். வடியவில்லை. தை பிறந்தும் கோட்டுக்கு மேலேயே நின்றது. எண்பத்தாறு, எண்பத்தேழு, எண்பத்தெட்டு. ஊரில் என்னைப் பார்ப்பவர்கள் எல்லாம் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார்கள். "இன்னிக்கு எத்தனைங்க?" என்று தினமும் கேட்டார்கள். தொண்ணூற்றொன்றாவது நாள் எனக்குச் சந்தேகம் வந்தது. ஓடையோடு கீழே நடந்து போனேன். அரை மைல் தள்ளி யாரோ குறுக்கே வரப்பு போட்டிருந்தார்கள். தென்னை மட்டை, களிமண், மேலே கல். நல்ல வேலை. பெண்கள் வேலை போலத் தெரிந்தது, கூடை கூடையாகக் கொட்டிய அடையாளம்.

யார் போட்டார்கள் என்று இன்று வரை தெரியவில்லை. குஞ்சம்மாளிடம் கேட்டேன். அவள் முழங்கை வரை களிமண்ணோடு நின்றுகொண்டிருந்தாள், அடுப்பு பூசினாளாம். அந்த மாதத்தில் நான்காவது முறை. "எனக்கென்ன தெரியும், நண்டு கட்டியிருக்கும்" என்றாள். நண்டு அவ்வளவு பெரிய வேலை செய்யாது. ஆனால் அவளுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது.

இந்த முறை யோசிக்கவில்லை. இலாகாவுக்கு நானே கடிதம் எழுதினேன். 'மொத்தம் தொண்ணூற்றொரு நாள். இதில் கடைசிப் பதினொரு நாள் பெயர் தெரியாதவர்கள் போட்ட வரப்பினால் நின்ற தண்ணீர், கணக்கில் சேராது. மீதி எண்பது.' எட்டு நாளில் பதில் வந்தது. தகவலுக்கு நன்றி என்று போட்டிருந்தது. சர்க்கார் எனக்கு நன்றி சொன்ன கடிதம் அது ஒன்றுதான். பத்திரமாக வைத்திருந்தேன். அடுப்பு பற்றவைக்கும்போது தவறிப் போய்விட்டது என்றாள்.

ஐம்பத்தேழில் மறுபடி நின்றேன். எங்கள் ஊர்ச் சாவடியில் என் பெட்டியில் இரண்டு சீட்டு. ஒன்று என்னுடையது. மற்றது யாருடையது என்று கேட்காதீர்கள். குஞ்சம்மாள் போட்டது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பட்டாமணியார் சாகும்போது, 'பாவம்னு அந்த ஒண்ணை நான்தான் போட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயித்தவர் கலியபெருமாள். அருமையாகப் பேசுவார். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் நிறுத்துவார். சபையில் போய் முதல் நாளே எழுந்து, எங்கள் ஊர் வருஷத்தில் இருநூறு நாள் தீவாகிவிடுகிறது என்று சொல்லியிருக்கிறார். இருநூறு! யாரும் சிரிக்கவில்லை. யாரும் எண்ணவும் இல்லை. இரண்டு வருஷத்தில் பாலம் வந்துவிட்டது.

திறப்பு விழாவுக்கு என்னையும் மேடையில் உட்காரவைத்தார்கள். கலியபெருமாளுக்கு மனசு பெரிசு. ஒரு மணி நேரம் பேசினார். "இருநூறு நாள் தவித்த என் தாய்மார்களே" என்று ஐந்து முறை சொன்னார். பிறகு, "அண்ணன் மாசிலாமணி இப்போது இரண்டு வார்த்தை பேசுவார்" என்று ஒலிபெருக்கியை என் பக்கம் தள்ளினார்.

எழுந்தேன். அவ்வளவு பெரிய கூட்டம் அப்படி மூச்சு விடாமல் இருந்து நான் பார்த்ததில்லை. பாலத்துக் கல்லில் மந்திரி பெயர் செதுக்கியாயிற்று, இனிமேல் நான் என்ன சொன்னாலும் அதை இடிக்கப் போவதில்லை. ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. பட்டாமணியார் கண்ணை மூடிக்கொண்டார். என் வாய்க்குள் எண் தயாராக இருந்தது. இருநூறு இல்லை, எண்பத்தேழு, அடுத்த வருஷம் எண்பத்தொன்பது, அதற்கடுத்த வருஷம் எண்பது.

முன்வரிசையில் குஞ்சம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலையில் முதல் ஆளாகப் பாலத்தில் நடந்து அக்கரை போய், அவள் அப்பா வீட்டு வாசலில் நின்றுவிட்டு வந்திருந்தாள். அவள் தலையை ஆட்டவில்லை, கையைக் காட்டவில்லை. பார்த்தாள். புகை தெரிந்த அன்று பார்த்த அதே பார்வை.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அப்படி ஒரு கைதட்டல்! கலியபெருமாளுக்குக்கூட அவ்வளவு இல்லை. என் அரசியல் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான். அதுவும் பொய்க்குத் துணைபோனதற்குக் கிடைத்தது. ஒலிபெருக்கி உயரம் சரியாக இல்லை, அதனால்தான் உட்கார்ந்தேன் என்று வெளியில் சொல்லிவந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, உயரம் சரியாகத்தான் இருந்தது.

அதனால் ஒன்று தீர்மானித்தேன். எண் தப்பு, அந்த எண்ணால் வந்த பாலம் எனக்குப் பாத்தியமில்லை. மற்றவர்களுக்குச் சரி, அவர்கள் எண்ணவில்லை. நான் எண்ணியவன். இருபத்து நான்கு வருஷமாக அதன் மேல் ஒரு முறைகூடப் போனதில்லை, நடந்தும் இல்லை, பஸ்ஸிலும் இல்லை. தண்ணீர் மார்புக்கு மேல் போனால் பயணத்தையே தள்ளிப்போட்டுவிடுவேன். குஞ்சம்மாள் பஸ்ஸிலேயே போய் அக்கரையில் உலர்ந்த வேட்டியோடு நிற்பாள். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. சிரிப்பாள், அவ்வளவுதான். அதில் என்ன சிரிப்பு இருக்கிறது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இதோ, ஓடை வந்துவிட்டது. கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்கள். ஆமாம், இங்கேதான். பாலத்துக்கு முன்னால். டிரைவருக்குத் தெரியும், கேட்டுப் பாருங்கள்.

இன்றைக்கு இடுப்பளவு இருக்கும் போலிருக்கிறது. பரவாயில்லை. நீங்கள் பாலத்தின் மேல் போகும்போது வலது பக்கம் குனிந்து பார்த்தால் நான் தெரிவேன். நீங்கள் கையை ஆட்டினால் நான் பதிலுக்கு ஆட்டவில்லை என்று வருத்தப்படாதீர்கள். இரண்டு கையாலும் வேட்டியைத் தூக்கிப் பிடித்திருப்பேன்.